வெள்ளித்திரையில் கணிதம்: சில படங்களும் ஒரு சிலேட்டும்

முன்னாள் மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நிர்வாகிகள் கேட்டபோது, எதைப் பற்றி எழுதட்டும் என்றேன். "நீங்க மேத்ஸ் டிபார்ட்மென்ட், சினிமாவும் விடாம பார்க்கிற ஆளு. ரெண்டையும் சேர்த்து ஏதாவது எழுதுங்க" என்றார்கள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் உட்கார்ந்து யோசித்தால் அது விளையாட்டு விஷயமாகத் தெரியவில்லை. கணிதத்தை நடுநாயகமாக வைத்துக் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் உலகெங்கும் பல படங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் முக்கியமான இரண்டு, நம் கும்பகோணத்துப் பிள்ளை ஒருவரைப் பற்றியவை. அந்தப் படங்களின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், கணிதத்தைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட, கணிதம் படிக்க வந்த ஏழைப் பிள்ளையை உலகம் எப்படி நடத்தியது என்பதைத்தான் அதிகம் தெரிந்துகொள்கிறோம். அதையே இங்கே நண்பர்களோடும், இப்போது நம் கல்லூரியில் பயிலும் தம்பி தங்கைகளோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கரும்பலகையும் கதவும்

சினிமாவுக்குக் கணிதம் ஒத்துவராத சங்கதி. பாட்டுக்காரனைப் பற்றிப் படமெடுத்தால் பாட்டைக் கேட்கவைக்கலாம். மல்யுத்தக்காரனைப் பற்றி எடுத்தால் மல்லுக்கு நிற்பதைக் காட்டலாம். கணக்குப் போடுகிறவன் என்ன செய்கிறான்? சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குள் நடப்பது கேமராவுக்குத் தெரியாது. எனவே எல்லா இயக்குநர்களும் ஒரே வழிக்குத்தான் போனார்கள்: கரும்பலகை நிறையச் சூத்திரம் எழுதவைப்பது. 2001-இல் ரான் ஹோவர்ட் இயக்கிய 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்தில் கரும்பலகை போதாமல் ஜன்னல் கண்ணாடியிலேயே எழுதுகிறார் கதாநாயகர். அது ஜான் நாஷ் என்ற அமெரிக்கக் கணித மேதையின் கதை. ஆட்டக் கோட்பாட்டில் அவர் செய்த வேலைக்காக 1994-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. படம் நான்கு ஆஸ்கர் விருதுகள் வாங்கியது. ஆனால் அதில் அவருடைய மனநோய் விளங்கும் அளவுக்கு அவருடைய தேற்றம் விளங்காது. தேற்றத்தை விளக்குவதற்காகப் படத்தில் வைத்த மதுக்கடைக் காட்சியின் உதாரணமே உண்மையில் நாஷ் சொன்ன சமநிலைக்குப் பொருந்தாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

சரி, கணிதத்தைக் காட்ட முடியாது. பிறகு எதைக் காட்டினார்கள்? கதவைக் காட்டினார்கள். மூடிய கதவு, அதற்கு வெளியே நிற்கும் ஆள். நான் பார்த்த நல்ல கணிதப் படங்கள் எல்லாம் இந்த ஒரே கதைதான்.

1988-இல் வந்த 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். பொலிவியா நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஹைமே எஸ்கலான்டே என்ற ஆசிரியர், கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் நிறைந்த கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் நுண்கணிதம் கற்பித்தார். 1982-இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் கல்லூரி நிலைத் தேர்வில் தேறினார்கள். தேர்வு நடத்தியவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் பேட்டைப் பிள்ளைகளாவது, நுண்கணிதத்தில் தேறுவதாவது! 14 பேர் காப்பியடித்திருக்கலாம் என்றார்கள். அவர்களில் 12 பேர் மறுபடி பரீட்சை எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் தேறினார்கள். இது நடந்த கதை. ஆனால் படம் ஒன்றை மறைக்கிறது. படத்தில் எல்லாம் சட்டுப்புட்டென்று முடிந்துவிடுகிறது. நிஜத்தில் எஸ்கலான்டே அந்தப் பள்ளியில் சேர்ந்தது 1974-இல். எட்டு வருஷம் அடித்தளம் போட்ட பிறகுதான் அந்த 18 பேர்.

'ஹிட்டன் ஃபிகர்ஸ்' (2016) என்ற படத்தில் கதவுக்கு வெளியே நிற்பவர்கள் கறுப்பினப் பெண்கள். 1962 பிப்ரவரியில் ஜான் கிளென் விண்வெளியில் பூமியைச் சுற்றப் போகுமுன், கம்ப்யூட்டர் போட்ட கணக்கை கேத்தரின் ஜான்சன் கையால் சரிபார்த்தாக வேண்டும் என்று கேட்டார். அதே கேத்தரின் ஜான்சன் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கறுப்பினப் பெண் கணக்காளர்களுக்குத் தனி இடம், தனி மேசை.

இந்தியில் 'சூப்பர் 30' (2019) பாட்னாவின் ஆனந்த் குமாரைப் பற்றியது. கேம்பிரிட்ஜில் இடம் கிடைத்தும் பணம் இல்லாமல் போக முடியாதவர், அப்பளம் விற்றுப் பிழைத்தவர். பிற்பாடு ஏழைப் பிள்ளைகள் முப்பது பேரைச் சேர்த்து ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். நம் தமிழில் 'வாத்தி' (2023). தொண்ணூறுகளில் நடப்பதாகக் கதை. தனுஷ் கணக்கு வாத்தியாராக ஒரு கிராமத்து அரசு நிறுவனத்துக்கு வருகிறார். கல்வி வியாபாரமாகிப்போன காலத்தில் அந்தப் பிள்ளைகளைத் தேற்றுகிறார். பழைய வீடியோ கேசட் ஒன்றில் கணக்குப் பாடம் இருப்பதிலிருந்து படம் தொடங்குகிறது. இதற்கு நேர் எதிராக 'கோப்ரா' (2022) என்று ஒரு படம். அதில் விக்ரம் கணித மேதை. கணக்குப் போட்டுக் கொலை செய்வார். தமிழ்ப் படத்தில் கணக்கு தெரிந்தவன் ஒன்று தியாகி, இல்லையென்றால் கில்லாடி. சாதாரண ஆளாக இருக்க இன்னும் அனுமதி கிடைக்கவில்லை!

'குடிசையில் இருந்த இந்தியர்'

1997-இல் வந்த 'குட் வில் ஹன்டிங்' படத்தில், பல்கலைக்கழகத்தில் தரை துடைக்கும் பையன் ஒருவன், பேராசிரியர் கரும்பலகையில் விட்டுப் போன கணக்கை யாரும் பார்க்காதபோது போட்டுவிடுகிறான். அவன் எப்பேர்ப்பட்டவன் என்று நண்பருக்குப் புரியவைக்க அந்தப் பேராசிரியர் ராமானுஜன் கதையைச் சொல்கிறார். இந்தியாவில் எங்கோ ஒரு குடிசையில் இருந்தார், முறையான படிப்பே இல்லை என்கிற மாதிரி போகிறது அந்த வசனம்.

உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் ராமானுஜன் பெயரை முதலில் கேட்டது அந்த வசனத்தில்தான். அதனால் அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் வளர்ந்தது குடிசையில் அல்ல; கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஓட்டு வீட்டில். அந்த வீடு இன்றும் நினைவிடமாக இருக்கிறது. அவர் டவுன் ஹைஸ்கூலில் ஒழுங்காகப் படித்துக் கணக்குக்குப் பரிசு வாங்கியவர். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர்.

ஆகவே படிப்பு கிடைக்காதவர் அல்ல அவர். கிடைத்த படிப்பிலிருந்து தள்ளப்பட்டவர். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் போகவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார், உதவித்தொகை போயிற்று. அவமானம் தாங்காமல் 1905-இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் பக்கம் ஓடிப்போனார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் எஃப்.ஏ. பரீட்சையில் கணக்கு நீங்கலாக மற்றதெல்லாம் தோல்வி. அத்தோடு படிப்பு முடிந்தது. இந்தக் காலத்துப் பாஷையில் சொன்னால், அரியர் வைத்து டிஸ்கன்டினியூ ஆன மாணவர் அவர். குடிசைக் கதை கேட்க நன்றாக இருக்கிறது. அதில் யார் மேலும் பழி இல்லை. நடந்த கதையில் ஒரு கல்லூரி விதி இருக்கிறது. மொத்தத்தில் தேறாதவனுக்குப் பணம் இல்லை என்ற விதி.

இரண்டு படங்கள், இரண்டு ராமானுஜன்

இந்திய அரசு 2012-ஐத் தேசியக் கணித ஆண்டாகவும், டிசம்பர் 22-ஐத் தேசியக் கணித தினமாகவும் அறிவித்தது. அதையடுத்து இரண்டு படங்கள் வந்தன. முதலாவது, 2014 ஜூலையில் வெளியான 'ராமானுஜன்'. இயக்கியவர் ஞான ராஜசேகரன். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், 'மோகமுள்', 'பாரதி', 'பெரியார்' எடுத்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்தார்கள். ராமானுஜனாக வந்தவர் அபிநய், ஜெமினி கணேசன் – சாவித்திரி பேரன். தாய் கோமளத்தம்மாளாக சுஹாசினி, மனைவி ஜானகியாக பாமா. இசை ரமேஷ் விநாயகம்.

இரண்டாவது, 2015-இல் டொராண்டோ திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்ட 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி'. ராபர்ட் கனிகல் 1991-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றை வைத்து மேத்யூ பிரவுன் இயக்கினார். தேவ் படேல் ராமானுஜன். ஜெரமி அயர்ன்ஸ் பேராசிரியர் ஹார்டி. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குள்ளேயே படம் பிடித்தார்கள். மஞ்சுள் பார்கவா, கென் ஓனோ என்ற இரண்டு பெரிய கணித அறிஞர்கள் ஆலோசகர்களாக இருந்தார்கள். ஆகவே அதில் எழுதப்படும் சூத்திரங்கள் வெறும் கோலம் அல்ல.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். தமிழ்ப் படத்தின் உயிர் வீட்டில் இருக்கிறது. அம்மா, சமையற்கட்டு, மாமியார் மருமகள், வேலை தேடி அலைவது, "கணக்கை வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறே" என்ற கேள்வி. நமக்கெல்லாம் பழக்கமான கேள்விதான். ஆங்கிலப் படத்தின் உயிர் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. அங்கே கேள்வி வேறு: "இது சரி என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் நிரூபணம் எங்கே?" ஹார்டி விடாமல் கேட்பது இதைத்தான்.

குறைகளும் உண்டு. ராமானுஜன் குள்ளமான, பருத்த உடம்புக்காரர். தேவ் படேல் ஒல்லி, உயரம். 1909-இல் கல்யாணம் நடந்தபோது ஜானகிக்குப் பத்து வயது. 1914-இல் கணவர் கப்பலேறியபோது பதினைந்து வயசுப் பெண். ஆங்கிலப் படத்தில் அவர் முழுதும் வளர்ந்த மங்கையாக வருகிறார், காதல் காட்சிக்கு வசதியாக. உண்மையில் அந்தப் பெண் 21 வயதில் விதவையாகி, திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து காலம் தள்ளி, 1994-இல்தான் காலமானார். அது தனிப் படமாக வரவேண்டிய கதை.

ஆங்கிலப் படத்தில் எண் பிரிவினை என்ற கணக்கு வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சொல்லலாம். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக ஐந்து விதம். 100-ஐப் பிரிக்க எத்தனை விதம்? 19,05,69,292. பத்தொன்பது கோடிக்கு மேல்! 200-க்கு மக்மஹோன் என்ற கணித அறிஞர் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். ஹார்டியும் ராமானுஜனும் கண்டுபிடித்த சூத்திரம் அந்த விடையோடு பொருந்தியது. திரையில் இதைப் பார்க்கும்போது நமக்கும் மயிர்க்கூச்செறியும்.

காகிதத்தின் விலை

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நிரூபணம் ஏன் இல்லை? படங்கள் இதற்கு அழகான ஒரு பதிலை வைத்திருக்கின்றன: நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள். ராமானுஜன் குடும்பத்தில் அந்தப் பக்தி இருந்தது உண்மை. கடவுள் நம்பிக்கை இல்லாத ஹார்டிக்கு எதிரே பக்தரான ராமானுஜன் என்பது திரைக்கதைக்கு நல்ல மோதலும்கூட. நான் அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் இன்னொரு பதிலும் இருக்கிறது. அது கையால் தொட்டுப் பார்க்கக்கூடியது. சிலேட்டு. காகிதம் வாங்கக் காசு கிடையாது. எனவே ராமானுஜன் பெரிய சிலேட்டு ஒன்றில் கணக்குப் போடுவார். நிரம்பியதும் முழங்கையால் அழித்துவிட்டு மேலே போவார். துணியை எடுத்து அழிக்க நேரமாகும் என்று முழங்கையே அழிப்பானாகி, தோல் கறுத்துப் போயிருந்ததாம். கடைசியில் வந்த விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பார். வழி அழிந்தது, முடிவு மிஞ்சியது. சிறு வயதில் அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலும் அப்படித்தான்; ஆயிரக்கணக்கான முடிவுகள், விளக்கமோ அரைகுறை. இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த நோட்டுகளின் உருவத்தை உண்டாக்கின. மூவாயிரத்துக்கும் அதிகமான முடிவுகள். நிரூபணம் பெரும்பாலும் கிடையாது. அவற்றை ஒவ்வொன்றாக நிரூபித்து, புரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1985 முதல் 1998 வரை ஐந்து பெரிய பாகங்களாக வெளியிட்டார். கும்பகோணத்தில் சில ரீம் காகிதம் மிச்சம் பிடித்ததற்கு உலகம் கொடுத்த விலை அது!

சிலேட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு சின்ன உதாரணம் பார்ப்போம். 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் ஒரு கேள்வி போட்டார். √(1+2√(1+3√(1+4√(1+…)))) என்று முடிவில்லாமல் போகும் கோவையின் மதிப்பு என்ன? அடுத்தடுத்த இதழ்கள் வந்தன, யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே கொடுத்தார். விடை 3. எப்படி? 3 என்பது √9. 9 என்பது 1+2×4. அந்த 4 என்பது √16. 16 என்பது 1+3×5. அந்த 5 என்பது √25. 25 என்பது 1+4×6. இப்படியே உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். இதுதான் விடையின் உயிர். முறைப்படி நிரூபிக்க இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று கணிதத் துறை நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். இதைத் திரையில் காட்ட இரண்டு நிமிஷம் போதும். ஒரு சிலேட்டு, ஒரு குச்சி, ஒரு முழங்கை. கரும்பலகை முழுக்கப் புரியாத சூத்திரம் எழுதுவதைவிட, இப்படிப் புரிகிற ஒன்றைக் காட்டினால் கொட்டகையில் பின் பெஞ்சுப் பையனும் நிமிர்ந்து உட்காருவான்.

யார் பணம் போட்டார்கள்?

படங்களில் ஹார்டி பெரிய ஆளாகத் தெரிகிறார். நியாயம்தான். 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் கிடைத்தபோது அதைக் குப்பையில் போடாமல் படித்தவர் அவர். ஆனால் அந்தக் கடிதம் எழுதப்படும் வரை ராமானுஜனை உயிரோடு வைத்திருந்தவர்கள் யார்? வெளிநாட்டுப் படங்களில் ஓரிரு காட்சியில் வந்து போகும் நம்மூர் உத்தியோகஸ்தர்கள்.

ஒரு சிறிய வரவுக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். வேலை கேட்டு வந்த ராமானுஜனின் நோட்டைப் பார்த்துவிட்டு, இவரை ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலையில் போட்டுச் சாகடிக்க மனமில்லாமல் சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் 1910 டிசம்பரில் அவரைச் சந்தித்து, தன் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அதில்தான் வாழ்க்கை. 1912-இல் அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் தற்காலிக வேலை, 20 ரூபாய். 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா, 30 ரூபாய். அங்கே மேலதிகாரி எஸ். நாராயண ஐயர் தாமே கணக்குப் படித்தவர். ராத்திரி நேரத்தில் ராமானுஜனோடு உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவார். 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. பட்டம் இல்லாதவனுக்கு ஆராய்ச்சி உதவித்தொகையா என்ற கேள்வியைத் தாண்டித்தான் கொடுத்தது. 1914 மார்ச் 17-இல் கப்பலேற, ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையையும் அதே பல்கலைக்கழகம்தான் கொடுத்தது.

25, 20, 30, 75. இந்த நான்கு எண்களை விட்டுவிட்டு ராமானுஜன் கதையைச் சொல்ல முடியாது. 1729-ஐ எல்லோரும் சொல்லுவோம். ஹார்டி வந்த டாக்சி எண், இரண்டு கனங்களின் கூட்டலாக இரு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண். ஆனால் 25 ரூபாய் இல்லாமல் 1729 இல்லை.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? அதற்கும் ஒரு வாத்தியார்தான் காரணம். சென்னையில் பள்ளிக் கணித ஆசிரியராக இருந்த பி.கே. ஸ்ரீனிவாசன், ராமானுஜனை நேரில் அறிந்தவர்களைத் தேடித் தேடிப் போய் நினைவுகளையும் கடிதங்களையும் திரட்டி 1968-இல் நினைவு மலராகக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் ராமானுஜனைப் பற்றி எழுதியவர்களுக்கெல்லாம் அந்த மலர் பெரிய உதவி. மலர் வெளியிடுகிற நாமும் இதை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்படலாம்.

பாலவனத்தமும் 1910-உம்

இந்த 25 ரூபாய்க் கதையைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. என் ஊர் பாலவனத்தம். விருதுநகர் – அருப்புக்கோட்டை சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். கரிசலும் மானாவாரியும் சீமைக்கருவேலமும்தான். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அதில் விசேஷம் எதுவும் தெரியாது. ஆனால் தமிழ் படித்தவர்களுக்கு அந்தப் பேர் தெரியும். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்தான் 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் தோள் கொடுத்தவர்.

அவர் செய்த இன்னொரு காரியம் இந்தக் கட்டுரைக்கு நேராகப் பொருந்துவது. சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராக உழைத்து ஒரு பெரிய கலைக்களஞ்சியத்தை எழுதி முடித்தார். 'அபிதான சிந்தாமணி' என்று பெயர். அச்சிட ஆள் இல்லை. பலரிடம் கேட்டும் கைகூடவில்லை. கடைசியில் பாண்டித்துரைத் தேவர் உதவிக்கு வந்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக 1910-இல் நூல் வெளிவந்தது.

வருஷத்தைக் கவனியுங்கள். அதே 1910 டிசம்பரில்தான் ராமச்சந்திர ராவ் முன்னால் ராமானுஜன் நோட்டும் கையுமாக நின்றார். ஒரே வருஷம், ஒரே மாகாணம். ஒருவருக்கு அச்சுக் காகிதம் இல்லை, இன்னொருவருக்கு எழுதும் காகிதமே இல்லை. இரண்டு பேருக்கும் பல்கலைக்கழகம் அப்போது கைகொடுக்கவில்லை; தனி மனிதர் ஒருவர் கொடுத்தார். பாண்டித்துரைத் தேவர் 1911-இல் காலமானார். அவர் போட்ட பணத்தின் பலன், பழைய நூல்களில் ஒரு பேரோ கதையோ விளங்காமல் தேடுகிறவர்களுக்கு இன்றும் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

கணிதப் படங்களைப் பார்த்துவிட்டு, "மேதைன்னா பிறவியிலேயே மேதைப்பா, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்று பலர் எழுந்து போய்விடுகிறார்கள். நான் அந்தப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டது நேர்மாறானது. மேதை பிறப்பது நம் கையில் இல்லை. அவனுக்குக் காகிதம் கிடைப்பது நம் கையில் இருக்கிறது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இப்போது நம் கல்லூரிக்கு வருவோம். அருப்புக்கோட்டைத் தறி வீடுகளிலிருந்தும், திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்தும், தாய் தகப்பன் தீப்பெட்டி வேலைக்கும் மில் வேலைக்கும் போகிற வீடுகளிலிருந்தும் இங்கே கணிதம் படிக்க வருகிறார்கள். நாம் வந்த மாதிரியேதான். நம் சங்கம் ஆண்டுதோறும் பரிசும் உதவித்தொகையும் கொடுக்கிறது, நல்ல காரியம். ஆனால் எல்லாப் பரிசும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. எந்தப் பாடத்திலும் அரியர் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

நண்பர்களே, அந்த நிபந்தனைப்படி பார்த்தால் ராமானுஜன் நம்மிடம் ஒரு ரூபாய்கூட வாங்கியிருக்க முடியாது.

ஆகவே சங்கப் பொதுக்குழுவுக்கு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறேன். ஒன்று, மொத்த மதிப்பெண்ணையும் அரியரையும் பார்க்காமல், ஏதாவது ஒரே ஒரு பாடத்தில் மிகச் சிறந்து நிற்கும் மாணவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் தனி உதவித்தொகை. அது கணிதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழாகவும் இருக்கலாம், விலங்கியலாகவும் இருக்கலாம். துறை ஆசிரியர்கள் இருவர் அந்தப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துச் சொன்னால் போதும். ராமசாமி ஐயர் செய்ததும் அதுதானே! இரண்டு, டிசம்பர் 22-இல் கல்லூரி அரங்கில் இந்த இரண்டு ராமானுஜன் படங்களையும் முறையாக அனுமதி பெற்று அடுத்தடுத்துத் திரையிட்டு, பார்த்தபிறகு மாணவர்களைப் பேசவிடுவது. எங்கே படம் வரலாற்றிலிருந்து விலகுகிறது, எங்கே கணிதம் சரியாக வருகிறது என்று அவர்களே சொல்லட்டும்.

இதற்கெல்லாம் முன்னுதாரணம் ராமானுஜனே காட்டியிருக்கிறார். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரும், டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோவும் ஆன பிறகு, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மேலும் உதவித்தொகை வழங்கியது. உடல் நலிந்திருந்த நிலையில், 1919 ஜனவரி 11-இல் இங்கிலாந்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். இந்தப் பணம் தன் தேவைக்கு அதிகம். ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குப் போகட்டும். தன் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். 1920 ஏப்ரல் 26-இல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

ராமானுஜனைப் பற்றி இனி யாராவது படம் எடுத்தால் அந்தக் கடிதத்தைக் கடைசிக் காட்சியாக வைக்கட்டும். அதுவரை நாம் அந்தக் கடிதத்தில் கேட்டதைச் செய்துகொண்டிருப்போம்.